பளிச்சென்ற ஸ்கேனில் தெரியாமல் போன நீர்

அனுப்புநர்:
கோ. துரைராஜ்,
சினிமா லைட்மேன்,
வடபழனி, சென்னை – 26.

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் கருவிகள் ஆய்வுப் பிரிவு,
சென்னை.

பொருள்: அடையாறு கருணைவிழி கண் மருத்துவமனை – விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் கருவியில் தரம் குறைந்த ஒளிமூலம் பொருத்தியது – என் மனைவியின் பார்வை பாதிப்பு – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தேவானை வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். சர்க்கரை நோயால் அவரது வலது கண் விழித்திரையில் நீர் கோத்து, மேற்படி மருத்துவமனையில் மாதம் ஓர் ஊசி போட்டு வந்தோம். ஸ்கேனில் நீர் தெரிந்தால்தான் ஊசி.

2. கடந்த நவம்பரில் கருவியின் ஒளிமூலம் பழுதாகி, வேறொன்றைப் பொருத்தினார்கள். அதன்பின் தேவானைக்கு எடுத்த படம் மங்கலாக இருந்தது. முப்பத்தோரு வருடம் படப்பிடிப்பில் விளக்கு பிடித்தவன் நான். படம் மங்கல் என்றால் வெளிச்சம் போதவில்லை என்பதே என் தொழில் புத்தி. பளிச்சென்று கொடுங்கள் என்று நானே வற்புறுத்தினேன். டெக்னீஷியன் லாரன்ஸ் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு, "இப்ப பாருண்ணா, கண்ணாடி மாதிரி கீது, இன்னா கொற?" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் 'நீர் இல்லை' என்று எழுதி ஊசியை நிறுத்தினார்கள்.

3. பிப்ரவரியில் தேவானை ஒருவரின் பட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டார். சாக்பீஸால் போட்ட நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்று அழுதார். ராயப்பேட்டையில் தனியாகக் கண் மருத்துவம் பார்க்கும் டாக்டர் புஷ்ரா எடுத்த ஸ்கேனில் நீர் அப்படியே நிற்கிறது. போன பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்.

4. அவர் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. இந்தக் கருவிக்கு வெளிச்சத்தின் அளவு மட்டும் போதாது; பல அலைநீளங்கள் பரவலாகக் கலந்த ஒளி வேண்டும். படங்களைப் பார்த்தால் நவம்பரில் மாற்றியதில் அந்தப் பரவல் குறைவு என்கிறார். அது குறைந்தால் விழித்திரையின் மெல்லிய அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். நடுவில் உள்ள சிறு நீர் மறைந்துவிடும். பிறகு எவ்வளவு பளிச்சென்று ஆக்கினாலும் அது படத்தில் வராது. நான் லைட்மேன், எனக்குத் தெரியாது. கருவியைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்குமா தெரியாது? பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவருக்குமா தோன்றவில்லை? முறையிடப் போனால், "நீங்கதானே பளிச்சுனு கேட்டீங்க" என்று நிர்வாகம் என்னையே மடக்குகிறது.

5. ஆகவே, உரிய ஒளிமூலத்தைப் பொருத்தும்வரை அந்தக் கருவியை நிறுத்திவைக்க வேண்டும். நவம்பர் முதல் அதில் ஸ்கேன் எடுத்த எல்லோரையும் அழைத்து, வேறு கருவியில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். என் மேலும் தவறு உண்டென்றால் விசாரணையில் என்னையும் கேளுங்கள், மறைக்க மாட்டேன். தேவானைக்கு ஊசி மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த மங்கல் படம் எடுத்த அன்று வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் 'நீர் இல்லை' என்ற தாளோடு நிம்மதியாக வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

இணைப்பு: ஸ்கேன் படங்கள் மூன்று.

இடம்: வடபழனி
நாள்: 18.03.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கோ. துரைராஜ்