ஒண்ணாம் நம்பர் குஸ்திக்காரன்

உன் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்ததும் அந்த ரப்பர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உன் கருமம் முடிந்த அன்று நகரியில் உன் வீட்டுக்காரி அதை என் கையில் கொடுத்து, "இதுக்காகத்தானே ரெண்டு பேரும் அடிச்சிக்கினு கெடந்தீங்க, எடுத்துக்கினு போங்கண்ணா" என்றாள். திருப்பதி பஸ் வரும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே திறந்துவிட்டேன். துக்க வீட்டிலிருந்து வருகிறவன் செய்கிற காரியமா என்று கேட்பாய். கேள். எனக்கு ஒண்ணாம் நம்பர் வேண்டியிருந்தது.

கட்டை விரல் உயரம்கூட இல்லாத குஸ்தி பொம்மைகள். சோளப்பொரி பாக்கெட்டுக்குள் ஒன்று வரும், முதுகில் நம்பரோடு. பெண்டாட்டி பிள்ளை உள்ள இரண்டு ஆம்பளைகள், ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் பிச்சாட்டூர், நாகலாபுரம் என்று பெட்டிக்கடை பெட்டிக்கடையாக ஏறி இறங்கினோம். பொரியைத் துன்னு துன்னு உனக்குத் தொப்பை, எனக்கு நெஞ்செரிச்சல். ரெண்டிலிருந்து முப்பதுவரை சேர்ந்துவிட்டது. ஒண்ணு மட்டும் எந்த ஊரிலும் இல்லை.

அதெப்படி இல்லாமல் போகும்? முதலில் கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். பிறகு, நாம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அதை அடிக்காமல் விட்டானோ என்று. கடைசியில் உன்னை. ஒரு ஞாயிறு என்னை விட்டுவிட்டு வரதய்யபாளையம் போய்வந்தாயே, என்ன கிடைத்தது என்றால் பேச்சை மாற்றினாயே! "பெருமாள் சத்தியமா என்கிட்ட இல்லடா" என்றாய். மூச்சுக்கு மூச்சு பெருமாள் சத்தியம் பண்ணுகிறவனை யார் நம்புவது?

பிச்சாட்டூர் ஏரிக்கரையில் பிரித்த பாக்கெட்டில் நம்பரே இல்லாத பொம்மை ஒன்று வந்தது. டூப்ளிகேட் என்று வீசி எறிந்தேன். நீ ஓடிப்போய்ப் பொறுக்கினாய்.

"இதாண்டா மொத பொம்மை. எங்க நைனா அரிசி அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லவே மாட்டாரு. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் போவாரு. தெலுங்குக்காரங்களும் அப்படித்தான். அச்சு செஞ்சவன் நம்ம பக்கத்து ஆளா இருப்பான். லாபத்துக்கு எவனாவது நம்பர் போடுவானா?"

"ரப்பர் கம்பெனி இன்னா அரிசிக்கடையா? கதை உடாதே" என்றேன்.

ஆஸ்பத்திரியிலும் உன்னை விடவில்லை. மூக்கில் குழாயோடு படுத்திருந்த உன் காதருகே குனிந்து, "இப்பனா சொல்லுடா, எங்க வெச்சிகினு கீற?" என்று கேட்டேன். உன் வீட்டுக்காரி முறைத்தாள். நீ சிரித்தாய். "லாபம்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் பேசவில்லை.

டப்பாவில் ரெண்டாம் நம்பருக்கு முன்னால் ஒரு மொட்டை முதுகுக்காரனைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாய். செல்போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுரண்டின மாதிரியும் இருக்கிறது, அச்சிலேயே அப்படி வந்த மாதிரியும் இருக்கிறது. நான் எறிந்த அதே பொம்மைதானா? இல்லை, நிஜ ஒண்ணாம் நம்பர்காரனின் முதுகைச் சுரண்டிவிட்டு அதன் இடத்தில் வைத்தாயா? செய்தாலும் செய்வாய், பாவி.

நான் வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடிகார ரிப்பேர் கடை இருக்கிறது. அவர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தால் நிமிஷத்தில் சொல்லிவிடுவார். தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறேன், இன்னும் படி ஏறவில்லை. அவர் சொல்லிவிட்டால் நம் சண்டை முடிந்துபோகும். அப்புறம் உன்னிடம் கேட்க எனக்கு என்னடா இருக்கிறது?

அதனால் அவனைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிகிறேன். சிக்னலில் நிற்கும்போது முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். உண்மையைச் சொல்லுடா, இவன் லாபமா, ஒண்ணா?