அரைச் செக்கன்

திருகோணமலை
06.02.2025

அன்பின் கமலேஸ்வரி ரீச்சருக்கு,

வெருகலில் சுகமாய் இருப்பீர்கள். போனில் உங்கட குரல் கேட்டாலே எனக்குக் கதை வராது, ஆனபடியால் எழுதுகிறேன்.

அன்றைக்கு இறங்குதுறையில், பொழுதுபட்ட நேரம், உங்களைப் படம் எடுத்தபடி ஒன்று கேட்டனான். நாற்பத்தாறு வயதில் முகம் பார்த்துக் கேட்க வெட்கம். கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் "என்னைக் கட்டுவீங்களோ?" என்றேன். உடனே உங்கட பஸ் வந்துவிட்டது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கோ.

படம்தான் பழுது, உங்கட முகம் கலங்கிப் போச்சு. கை நடுக்கத்தைச் சமாளிக்கிற பொறி என்ர கமராவின் உடலுக்குள் இருக்கு, லென்ஸில் இல்லை. இருட்டுக்கு அது காணாது போல. அந்தப் பொறி லென்ஸுக்குள்ளேயே இருக்கிற ஒன்றைக் கொழும்பில் பார்த்து வைத்திருக்கிறேன். அது வந்ததும் இன்னொருக்கா நின்று தருவீங்களோ?

இப்படிக்கு,
தங்கத்துரை

வெருகல்
11.02.2025

மதிப்புக்குரிய தங்கத்துரை அவர்களுக்கு,

கடிதத்தில் பாதி லென்ஸ்! நீங்கள் கேட்டதற்கு நின்ற இடத்திலேயே பதில் தந்தனான். கமராவுக்குள்ளால் என்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்? இப்போது அவசரமில்லையாம். மனம் மாறியிருந்தால் நேரே சொல்லுங்கள், நான் பச்சைப்பிள்ளை இல்லை.

உங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டு நிரப்பிய படிவம் மேசையில் கிடக்கிறது. இருபதாம் திகதி கடைசி நாள். கொடுப்பதா, கிழிப்பதா?

கமலேஸ்வரி

திருகோணமலை
14.02.2025

ஐயோ ரீச்சர், கோபிக்காதேங்கோ!

என்ன பதில்? முருகன் ஆணை, எனக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் குறைவென்று கமராவின் கதவை அரைச் செக்கன் நேரம் திறந்து வைத்து எடுத்தனான். படம் விழுகிற அந்த நேரம் கமராவுக்குள் ஒரே இருட்டு. கண்ணை எடுத்துப் பார்க்க, நீங்கள் பையோடு பஸ்ஸுக்கு ஓடுகிறீர்கள். உங்கட கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஓமோ இல்லையோ, எழுதிவிடுங்கோ. படிவத்தை மட்டும் கிழித்துப் போடாதேங்கோ.

பழுதான படத்தையும் வைக்கிறேன். என்ர கை நடுங்கின நடுக்கத்தைப் பாருங்கோ.

தங்கத்துரை

வெருகல்
18.02.2025

என்ர அன்புக்குரியவருக்கு,

படத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்கு ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு அல்லவா அனுப்பியிருக்கிறீர்கள்! கை நடுங்கியிருந்தால் எல்லாமே சேர்ந்து கலங்கியிருக்கும். எனக்குப் பின்னாலுள்ள பலகையில் 'குளிக்கத் தடை' என்று தெளிவாய் வாசிக்க முடிகிறது. உங்கட கையைக் கமரா நல்லாய்த்தான் தாங்கியிருக்கு. ஆடினது நான். பொறி கமராவில் இருந்தாலென்ன, லென்ஸில் இருந்தாலென்ன, எதிரே நிற்கிறவள் ஆடினால் அது என்ன செய்யும்?

என்ர பொட்டைப் பாருங்கோ. வட்டப் பொட்டு மேலும் கீழுமாய் இழுபட்டுக் கோடாய்க் கிடக்கு. மாட்டேன் என்று தலையை ஆட்டியிருந்தால் குறுக்காலே அல்லவா இழுபட்டிருக்கும்? வாய் திறந்து ஓம் என்று சொல்ல எனக்கும் வெட்கம், விசரன்!

படிவத்தைக் காலையில் கொடுத்துவிட்டேன். லென்ஸ் எடுக்காதேங்கோ, கூறைச் சேலை எடுங்கோ. கடைக்கு நானும் வருவேன், உங்கட கண்ணை நம்ப ஏலாது.

உங்கட
கமலேஸ்வரி