வாலுக்கு ஒரு முட்டுக்கொம்பு

20-1-1974, ஞாயிறு

இவர் தன் அம்மாவிடம் பொய் சொன்னாரா, என்னிடம் பொய் சொன்னாரா? இரண்டில் ஒன்று நிச்சயம். எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருப்பதாகவும் தோன்றவில்லை.

மத்தியானம் மணிமங்கலத்திலிருந்து பாஞ்சாலி அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. கூடத்து மேசையில் பாதி வர்ணத்தோடு நிற்கும் விமானத்தைப் பார்த்து, இந்த வயசில் என்ன பொம்மை என்று கேட்டார். யுத்தத்தின்போது பரங்கிமலைப் பக்கம் விமானத் தளத்தில் இவர் டிராக்டர் ஓட்டினாரே, குண்டு ஏற்றிய வண்டிகளை இழுத்துப்போகும் டிராக்டர், அங்கே நின்ற விமானம்தான் இது, லிபரேட்டர் என்று பெயர் என்றேன்.

அண்ணி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு, கோதண்டமா? அவன் அப்போ வாலாஜாபாத் ரைஸ்மில்லுல இல்ல இருந்தான். சனிக்கெழம சனிக்கெழம மாட்டுக்குத் தவிடு எடுத்தாருவானே. இன்னா சரோசா, எம்.ஏ. படிச்சிட்டு இத்த நம்பிகினு கீறியா?"

தவிடு. சாட்சி மாதிரி இருந்தது அந்த ஒரு சொல்.

21-1, திங்கள்

கேட்கவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். நானும் பள்ளிக்குப் போனேன்.

23-1, புதன்

டீசல் விலை ஏறியதிலிருந்து தண்டலத்தில் இவருடைய பட்டறைக்கு லாரிகள் வருவது குறைந்துவிட்டது. அந்த நேரமெல்லாம் விமானத்துக்குத்தான். உடம்பு கல்யாண முருங்கைக் கட்டை. சக்கரங்கள் பழைய ரப்பர் செருப்பு. பக்கத்தில் ஒரு பெட்ரோல் லாரி, நான்கு குண்டு வண்டிகள், ஒரு டிராக்டர். டிராக்டர்தான் எல்லாவற்றிலும் அழகு. அதன் சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்பிரிங்கைக்கூடச் சுற்றி வைத்திருக்கிறார்.

நான் ஏன் இவ்வளவு நாள் சந்தேகப்படவில்லை? யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை நான். யுத்த வருஷங்களில் மெட்ராஸ் ஹாஸ்டலில் இருந்தேன். இவர் மாமா மகன் என்பதைத் தவிர அப்போது ஒன்றும் தெரியாது. ஐம்பத்தொன்றில் பெண் கேட்டு வந்தபோது டிராக்டரைப் பற்றி இவரே சொன்னார். இருபத்து மூன்று வருஷமாக எனக்கு இருக்கும் ஒரே ஆதாரம் இவருடைய வாய்தான்.

இன்று இன்னொரு சங்கடம். பிப்ரவரி எட்டாம் தேதி எங்கள் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி. தலைமையாசிரியை பெருந்தேவி அம்மாள் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது விமானத்தைப் பார்த்திருக்கிறார். அதை வைத்தே ஆகவேண்டுமாம், இவரும் பக்கத்தில் நின்று பெண்களுக்கு விளக்கவேண்டுமாம். திறந்துவைக்க வருபவர் தாம்பரத்தில் இருக்கும் பலராமன். யுத்தத்தில் இதே மாதிரி விமானங்களில் குண்டு ஏற்றும் வேலை பார்த்தவராம்.

அவர் இரண்டு கேள்வி கேட்டால் போதும். என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

27-1, ஞாயிறு

நேற்று மெட்ராஸ் போய் நூலகத்தில் விமானப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று படங்கள். மெல்லிய தாளில் பிரதி எடுத்து வந்தேன். இன்று இவர் குளிக்கப் போனபோது காம்பஸை வைத்து அளந்தேன். திருட்டுத்தனம்தான். வேறென்ன சொல்வது?

இறக்கை நீளம் ஏறக்குறைய சரி. நான்கு எஞ்சின், இரட்டை வால், சரி. முதுகில் இருக்கும் கண்ணாடிக் கூண்டு தப்பு. படத்தில் விமானி உட்காரும் இடத்தை ஒட்டி இருக்கிறது. இவர் நடு முதுகில் வைத்திருக்கிறார். அப்புறம் வாலுக்கடியில் ஒரு முட்டுக்கொம்பு, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். படத்தில் அப்படி ஒன்றே இல்லை.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மேல எவன் ஏற உட்டான் எங்கள?" என்றார் கூண்டைப் பற்றி.

கொம்பு?

"குண்டு ஏத்துறப்ப வைக்கணும். இல்லன்னா வால் குந்திக்கும்."

நிஜ விமானத்துக்குமா என்று கேட்டேன். நிஜத்துக்குத்தான் என்றார். பூசணிக்கொடிக்குப் பந்தல் கால் நடுவதுபோல, அவ்வளவு பெரிய விமானத்துக்கு ஒரு கொம்பா? பொம்மையின் எடையைச் சரியாகப் பிரிக்கத் தெரியாமல் முட்டுக் கொடுத்துவிட்டு அதற்கொரு கதையும் கட்டுகிறார் என்றுதான் தோன்றியது. மூக்கில் கொஞ்சம் ஈயம் வைத்தால் தானாக நிற்குமே.

30-1, புதன்

தலைவலி. நான்காம் வகுப்புக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் தப்பாகப் போட்டேன்.

2-2, சனி

புத்தகப் பிரதியை மறுபடி படித்தேன். குண்டு போடத் திறக்கும் வயிற்றுக் கதவுகளைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: மற்ற விமானங்களைப்போலக் கீழே திறக்காமல், பக்கவாட்டில் சுருண்டு மேலேறும். படத்தில் அது தெரியவே தெரியாது. மேசைக்குப் போய்த் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஈர்க்குச்சிகளைத் துணியில் ஒட்டி, கடை ஷட்டர் மாதிரி சுருட்டி வைத்திருக்கிறார். இவருக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்க வராது.

ஆனால் நியூஸ் ரீலில் பார்த்திருக்கலாம். அங்கே வேலை செய்த யாராவது சொல்லியிருக்கலாம். சரியாகச் செய்தது எதற்கும் இரண்டு காரணம் இருக்கிறது. தப்பாகச் செய்ததற்கும் இரண்டு காரணம். இப்படி ஒரு கணக்கை யாராவது கொடுத்தால், விவரம் போதாது என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

விவரம் போதாத மனிதரோடு இருபத்து மூன்று வருஷம்.

5-2, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சாயங்காலம், இவர் பெட்ரோல் லாரிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது. அண்ணி ரைஸ்மில் என்கிறாரே என்றேன்.

தூரிகை நின்றது. தலை நிமிரவில்லை.

ஜப்பான் குண்டுக்குப் பயந்து மெட்ராஸே காலியான பிறகு அம்மா பரங்கிமலை என்று சொன்னாலே அழுவாராம். அதனால் மில் என்று சொன்னாராம்.

"தவிடு?"

"வழியில வாங்கிகினு போவேன்."

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் மாதிரியும் இருந்தது. அம்மாவை ஒவ்வொரு சனிக்கிழமையும் தவிட்டு மூட்டையோடு ஏமாற்றத் தெரிந்தவருக்கு என்னை ஏமாற்றுவது எம்மாத்திரம்? மெய் என்றாலும் பயமாக இருக்கிறது, பொய் என்றாலும்.

"கண்காட்சிக்கு வர வேணாம்னா சொல்லிடு டீச்சர்" என்றார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

7-2, வியாழன்

அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். இவர் பட்டறையில். விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கொம்பை மெதுவாகப் பிடுங்கினேன். மூக்குச் சக்கரத்தின் ஓட்டை வழியாக ஈயத் துண்டுகளைத் திணித்து மெழுகால் அடைத்தேன். எவ்வளவு எடை, எவ்வளவு தூரத்தில் என்று நெம்புகோல் கணக்கு போட்டுத்தான் செய்தேன். முதல் தடவையே சரியாக நின்றது. கூண்டை இடம் மாற்ற முடியாது, வர்ணம் உரியும். அந்தத் தப்பு இருக்கட்டும். கொம்பு ஒன்றுதான் எவர் கண்ணிலும் படும் அபத்தம்.

கொம்பு என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

வந்ததும் பார்த்துவிட்டார். கொம்பு இருந்த இடத்தை விரலால் ஒரு தரம் தடவினார். எல்லாவற்றையும் வைக்கோல் வைத்து மரப்பெட்டியில் அடுக்கினார். நாளை பத்து மணிக்குத் திறப்பு. அவமானம் வந்தால் எனக்கும் சேர்த்துத்தான் வரும் என்று சொல்ல நினைத்தேன்.

8-2, வெள்ளி

என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன்.

பலராமன் குள்ளமான மனிதர். வாலாஜாபாத்தில் பிறந்தவராம். ரிப்பன் வெட்டினார், பெண்கள் செய்த சோப்பையும் எரிமலையையும் பார்த்தார், எங்கள் மேசைக்கு வந்தார். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் மேலே நின்று குனிந்து பார்த்தார்கள். பலராமன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தரையில் குந்தி, மேசை விளிம்பில் கண்ணை வைத்துக் கீழேயிருந்து பார்த்தார். வீட்டில் இவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். ஒரு ஆசாரியைப்போல, வேலை ஒழுங்கா என்று பார்க்கிறார் என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

"ஷட்டரெல்லாம் அப்பிடியே கீது" என்றார் பலராமன். அப்புறம் விரலை வாலுக்கடியில் நீட்டினார்.

"கொம்பு எங்க? குண்டு வண்டி வந்து நிக்குது, கதவு தொறந்து கீது. கொம்பு இல்லாம எப்பிடி?"

பெருந்தேவி அம்மாள் என்ன என்ன என்று கேட்டார். பின்பக்கம் குண்டு ஏற ஏற விமானம் வாலில் உட்கார்ந்துவிடும், அதனால் முட்டுக் கொடுப்பார்கள், பறக்கும்முன் எடுத்துவிடுவார்கள் என்று பலராமன் விளக்கினார். அதனால்தான் புத்தகத்துப் படத்தில் இல்லை.

"கழண்டு வூட்லயே தங்கிடுச்சி சார்" என்றார் இவர். என் பக்கம் திரும்பாமல்.

நீங்கள் டிராக்டரா என்று பலராமன் கேட்டார். இப்போது இவர் திரும்பினார். பதிலை அவருக்குச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல சார். டிராக்டர் மூணு நாளுதான். ஓட்டுறவனுக்கு ஜொரம். மீதி ரெண்டு வருசமும் கொம்பு வைக்கிற வேல."

பலராமன் எழுந்து இவர் தோளில் கையைப் போட்டார். "கொம்பு பார்ட்டியா நீங்க? உங்கள நம்பித்தான்யா நாங்க வயித்துக்குள்ள நின்னோம்."

பெண்கள் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கொம்பை மேசையில் வைத்தேன். கொண்டை ஊசியால் மெழுகைக் கிளறி ஈயத்தை எடுத்தேன். விமானம் மெல்ல வாலில் குந்தியது. இவர் பசை தடவிக் கொம்பைப் பழைய இடத்தில் நிறுத்தினார். காயும்வரை நான் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டில் ஒன்று என்று எழுதியிருந்தேன். அம்மாவிடமும் பொய் சொல்லியிருக்கிறார், என்னிடமும் சொல்லியிருக்கிறார். ஏன் டிராக்டர் என்றீர்கள் என்று கேட்டேன்.

"டிராக்டர்னு சொன்னதுக்கே என்னக் கட்டிக்க நீ மூணு மாசம் யோசிச்ச, டீச்சர்."

உண்மைதான். மூன்று மாதம் யோசித்தேன்.