காசு போகுது, வெச்சிடு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இதையெல்லாம் போனில் கேட்க ஆரம்பித்தால், "காசு போகுது, வெச்சிடு" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் தையல் ஆலையில் பட்டன் தைப்பவள்தான் என் அறையிலும் இருக்கிறாள். அவளுடைய போன் போஸ்ட்பெய்டு. லீவு நாளில் மத்தியானம் முழுக்கப் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கிறாள். அந்தப் பக்கம் அவள் புருஷன் குறட்டை விடுகிறான். இவள் அதைக் கேட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று நானும் மாற்றிவிடலாமென்று போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கணக்கைப் பார்த்துவிட்டு, "ப்ரீபெய்டுலயே மாசாமாசம் பாதிக்கு மேல பேசாம வீணாப் போகுதேம்மா, உங்களுக்கு எதுக்கு போஸ்ட்பெய்டு?" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இனிமே பேசுவோம், மாத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பேசினாலும் இனி மாதக் கடைசியில் ஒரே பில்தான். வேறு சாக்குத் தேடிக்கொள்ளுங்கள்.

என் தலையணை உறை கிழிந்துவிட்டது. உங்கள் பழைய கட்டம் போட்ட சட்டையை அனுப்பினால் தைத்துக்கொள்வேன். துவைக்க வேண்டாம், இங்கே சோப்பு இருக்கிறது.

ஆலை வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுகிறேன். பேச ஒன்றுமில்லை என்றால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். உங்கள் குறட்டை அவனுடையதைவிடப் பலமானது. அவளும் கொஞ்சம் கேட்கட்டும்.

உங்களவள்