ஏற்றம் ஏறுமா இந்தக் கார்?

ஜூன் 10, செவ்வாய்

விடியும் முன்பே மழை. என் பேட்டரிக் கடைக்கு அரை நாள் லீவு. குழித்துறையில் ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் மாட்டுகிறவள் தன் காரையும் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் பைத்தியமா? வீட்டுக்காரருக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பெட்ரோல் எஞ்சின் வெளியே! நானும் மெக்கானிக் ஸ்டீபனும் கப்பி கட்டி இழுத்தோம். எஞ்சின் இப்போது ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் கிடக்கிறது. கல்யாணமான வருடம் வாங்கிய கார், நான் ஓட்டப் படித்த கார். காரை இரும்பு விலைக்குக் கொடுக்க மனசே இல்லை.

இவர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, நம்ம ஏத்தம் ஏறுமா இது?"

"ஏறும்."

"ஏறல்லேன்னா திங்களாச்ச பழைய இரும்பு எடுக்க ஆக்கர் கடைக்காரன் வந்து இரும்போட இரும்பா எடுத்தோண்டு போவான். அவன்கிட்ட நான் சொல்லியாச்சு."

ஏத்தம் என்றால் கேட்டிலிருந்து வீட்டுக்கு வரும் செங்குத்துப் பாதை. பெட்ரோலில் ஓடிய காலத்திலேயே முக்கி முனகித்தான் ஏறும்.

ஜூன் 12, வியாழன்

வெயில்! லேத் பட்டறையிலிருந்து தட்டு வந்தது. பழைய கியர்பாக்ஸையும் புது மோட்டாரையும் சேர்ப்பது அதுதான். மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி... கடைசியில் ஓட்டையோடு ஓட்டை பொருந்தியது. "அக்கா, இருந்தாச்சு!" ஸ்டீபன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓட்டம்.

வாங்க: கனத்த கேபிள், இன்சுலேஷன் டேப், சாளை மீன், இவருக்கு இருமல் மருந்து.

ஜூன் 14, சனி

தூறல். பேட்டரிகள் டிக்கியில், பின் சீட்டுக்கு அடியில். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்தேன். நகர்ந்தது!! சிரித்துக்கொண்டே அழுதேன். ஸ்டீபன் முற்றத்தில் டான்ஸ்.

ஆர்.டி.ஓ. அனுமதி வரும்வரை ரோட்டுக்குப் போகக் கூடாது. பாதையில் இறக்கி, கேட்டுக்கு உள்ளே சமதரையில், வீட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியாயிற்று. நாளை ஆராதனை முடிந்து போதகர் வருகிறார். ஜெபிக்காமல் இங்கே எந்த வண்டியும் ஓடாது. ஜெபம் முடிந்ததும் ஏற்றம்.

ஜூன் 15, ஞாயிறு



போதகர் இவரை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். ஜன்னல் வழியே நானே சாவியைத் திருப்பி ஆன் செய்தேன்.

"இது ஸ்டார்ட் ஆகல்ல, கேட்டியா" என்று ஒரு சிரிப்பு. சத்தம் இல்லையென்றால் இவருக்கு வண்டி அணைந்த மாதிரி. பழைய பழக்கத்தில் கியரைப் போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரில் காலைச் சாய்த்து, கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம்.

போதகரின் ஜெபம் எப்போதும் நீளம். வளைவு, பாலம், லாரி, எதிரே வரும் பஸ், எல்லாவற்றிலிருந்தும் காக்க வேண்டினார். ஆமென். கண்ணைத் திறந்தால் கார் இல்லை.

"வண்டி எங்க?" போதகர் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

மேலே! பலாமரத்தடியில், வீட்டு வாசலில்! முழு ஏற்றமும் சத்தமில்லாமல் ஏறி நிற்கிறது. செருப்பைக் கீழேயே விட்டு ஓடினேன். இவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

"கண்ணத் தொறக்கும்போ வண்டி ஏறத் தொடங்கியாச்சு. ஜெபத்துக்க எடையில எப்பிடி சத்தம் போட்டு விளிக்கது?"

"கால எடுத்திருக்கலாம்லா?"

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். பிறகு மெதுவாக, "ஏறுமாண்ணு பாத்தேன்."

மாலையில் சமையலறையில் இருந்தேன். வெளியே இவர் ஆக்கர் கடைக்காரரிடம் போனில்: "வண்டி குடுக்கல்ல அண்ணே. எஞ்சின மட்டும் எடுத்தா போரும்."