பெட்டியில் மீந்த பழம்

அல்சீரா,
ஸ்பெயின், ஜனவரி 12, 1988

என் கண்ணு இனேஸ்,

அம்மா எழுதுகிறேன். ஆரஞ்சுப் பெட்டி வந்துசேர்ந்தது என்று எழுதியிருந்தாய். ஒரு மாதம் கெடாமல் இருக்க என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். கழுவாதே, ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே. பக்கத்தில் ஆப்பிள் கூடாது. குளிர்ந்த அறையில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வை. தினமும் புரட்டிப் பார்த்துக் கெட்டதைத் தூக்கிப் போடு.

இதையெல்லாம் நீ ஒரு வருஷமும் கேட்டதில்லையே. உன் வீட்டுக்காரன் டோர்பென் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே ஆறேழு பழம் தின்பவன். போன வருஷம் பெட்டி வந்த வாரமே காலி, இன்னொன்று அனுப்பு என்றாய். இந்த வருஷம் எதற்குப் பத்திரப்படுத்துகிறாய்?

பேத்தி சில்யேவுக்கு என் முத்தம்.

அம்மா ரெமெடியோஸ்

ஓர்ஹூஸ்,
ஜனவரி 24

அன்புள்ள அம்மா,

நலம். பழத்தைப் பால்கனியில் பரப்பினேன். இந்த டென்மார்க் குளிரில் உறைந்து பாதி வீணாகிவிட்டது. டோர்பெனுக்கு வேலை அதிகம். சில்யேவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அடுத்த பெட்டி சின்னதாக இருக்கட்டும்.

இனேஸ்

அல்சீரா,
பிப்ரவரி 2

இனேஸ்,

உன் கடிதத்தை வரி வரியாக நாலு தரம் படித்தேன். "பழம் போனா போகுது, விடேன்" என்கிறார் உன் அப்பா. பழத்தைப் பற்றியா நான் பேசுகிறேன்? ஃபோனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கல்யாண விருந்தில் நம் கொல்லை மரத்துப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டே அவன் கேட்டானே, "என்ன அத்தை, பழத்தைவிடக் கொட்டை அதிகமா இருக்கு?" என்று. "கொட்டை எண்ணவா பொண்ணு குடுத்தோம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, இன்றுவரைக்கும். ஆனாலும் அவன் ஒரு பழத்தைக்கூட மீதி வைத்தவனில்லை.

அடுப்படியில் கை ஓடவில்லை. நேராகவே கேட்கிறேன். அவன் வீட்டில் இருக்கிறானா?

அம்மா

ஓர்ஹூஸ்,
பிப்ரவரி 11

அம்மா,

இல்லை. அக்டோபரிலேயே போய்விட்டான், கூட வேலை செய்யும் ஒருத்தியோடு. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பாய். அதைத் தாங்கத் தெம்பு வந்ததும் எழுதலாம் என்றிருந்தேன். இன்னும் வரவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நானும் சில்யேவும் எவ்வளவுதான் தின்பது?

இனேஸ்

அல்சீரா,
பிப்ரவரி 18

என் கண்ணே,

நான் அதைச் சொல்லப்போவதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இனிப் பெட்டி வராது, நான் வருகிறேன். உன் அப்பா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். "பாரிஸ்ல வண்டி மாறணும், நீ தொலைஞ்சுதான் போவே" என்கிறார். தொலைந்தாலும் வடக்கே பார்த்துத்தானே தொலைவேன்.

அவன் சட்டை, செருப்பு ஏதாவது கிடந்தால் முன்னமே அப்புறப்படுத்திவிடு. என் கண்ணில் பட்டால் ஜன்னல் வழியாகத்தான் போகும்.

ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் அழாதே. நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன். அப்புறம் அவனைத் திட்ட யார் இருக்கிறார்கள்?

உன் அம்மா