ஏரி பார்த்த வாசல்

என் நைனாவுக்கு, உன் மேல் ஆசையும் கோபமும் சரிபாதியாக வைத்திருக்கும் ரெபேக்கா எழுதுவது.

நீ கண்ணை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பதில் வராது என்று தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஏரிக்கரை பங்களாவை வைத்திருக்கிறாரே ரைஸ் மில் முதலாளி, அவர் நம் தெருவைக் காலி பண்ணச் சொல்லி மனுப் போட்டுவிட்டார். பதினாலு வீடும் அவர் மனையில் இருக்கிறதாம், குடோன் கட்டப் போகிறாராம். நம்மிடம் இருப்பது அந்தக் காலத்துத் துரை எழுதி வைத்த பத்திரம் ஒன்றுதான். பங்களாவின் முன்வாசலில் வெளியே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் இருக்கிற நிலம், கட்டட வேலை செய்த குடிகளுக்கு என்று அதில் இருக்கிறது. தெருவில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதும் நான்தான்.

வாசித்த பிறகு எனக்குத் தலை சுற்றியது. இப்போது பங்களாவின் வாசல் கிழக்கே ரோட்டைப் பார்த்திருக்கிறது. அங்கே நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. தெற்கே ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கல், அதில் தவளைதான் குடியிருக்கும். நாம் இருப்பது வடக்கே. வாசல் மேற்கே ஏரியைப் பார்த்திருந்தால்தான் நம் தெரு வலக்கைப் பக்கம்.

அப்படித்தான் இருந்தது என்று நீதானே சொல்வாய்? துரை காற்றுக்கு ஆசைப்பட்டு ஏரியைப் பார்த்துக் கட்டினார், உன் தாத்தா செங்கல் சுமந்தார் என்று. ஏரிப் பக்கம் ஆறு உருண்டைத் தூண், இரண்டு ஆள் உயரத்துக்குத் தேக்குக் கதவு, தண்ணீருக்குள் இறங்குகிற படி. ஏரி நிரம்பின வருஷத்தில் மூன்று படி முழுகிவிடும். ரோட்டுப் பக்கம் குதிரை லாயமும் சமையற்கட்டும் மட்டும்தான். துரைக்கு ரோடு புழக்கடை என்று சொல்லிச் சிரிப்பாய்.

அதை மாற்றியவனும் நீதான் நைனா.

மேற்குப் பார்த்த வாசல் தன் ராசிக்கு ஆகாது என்று பங்களாவை வாங்கின கையோடு முதலாளி கொத்தனாரான உன்னைக் கூப்பிட்டார். சுதந்திரம் வருவதற்கு முந்தி, எனக்குப் பத்து வயது. நீ லாயத்தை இடித்தாய். ஏரிப் பக்கத் தாழ்வாரத்தை எடுத்துவிட்டு அதே அளவில் ரோட்டுப் பக்கம் ஆறு தூண் எழுப்பினாய். பழைய வாசலை அடைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசி இழைத்தாய். நீ பூசும்போது உனக்குக் கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்தப் படியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அங்கே வாசல் இருந்தது என்று எவனும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வேலை. இவ்வளவு நன்றாகவா செய்து தொலைப்பாய்?

அந்த வருஷம்தான் நம் வீட்டுக்கு ஓடு வந்தது. மற்ற பதின்மூன்று வீடும் இன்றைக்கும் கீற்றுதான். இடித்த லாயத்து ஓடு, சும்மா கிடந்ததை எடுத்து வந்தாய் என்கிறாள் அம்மா. பக்கத்து வீட்டு சாமுவேல் மாமா என்னிடம் பேசும்போதெல்லாம் நம் கூரையையே பார்க்கிறார். பத்திரம் உன் பெட்டியில்தான் இருந்தது. உனக்குப் படிக்கத் தெரியாது, சரி. அதில் என்ன இருக்கிறது என்று உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாரா? தெரிந்து அடைத்தாயா, தெரியாமல் அடைத்தாயா?

தாசில்தார் விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணியும் சொல்லாத. செத்தவர இன்னாத்துக்கு சந்தி சிரிக்க வெக்கிற?"

சொல்லாவிட்டால் பதினாலு வீடும் போகும். சொன்னால் அடைத்தவன் நீ என்று ஊருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்தார். ரோட்டுப் பக்கத் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்வாசல் இதுதானே, இதில் என்ன சந்தேகம் என்றார். அந்தப் பக்கம் இருப்பது குளிக்கிற படி, அங்கே கதவே இருந்ததில்லை என்று முதலாளி சொன்னார். நம் ஜனங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் தரையைப் பார்த்தாள்.

"இது முன்வாசல் இல்ல சார்," என்றேன். "எங்க நைனா மாத்திக் கட்டினது. ஏரிப் பக்கம் படிக்கு நேரா சொவத்த இடிச்சுப் பாருங்க, வாசல் அங்க கீது."

தாசில்தார் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். சாமுவேல் மாமாதான் இடித்தார். உன் பூச்சு லேசில் விடவில்லை, பாளம் பாளமாகத்தான் பெயர்ந்தது. அடைத்த கல்லின் விளிம்பாவது தெரியும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

கதவே இருந்தது நைனா. வெளியே ஒரு வரிசை செங்கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் அந்தத் தேக்குக் கதவு, நிலை, கீல், பித்தளைத் தாழ்ப்பாள் எல்லாம் அப்படியே. சாத்தின கதவை அலுங்காமல் வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறாய்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "கதவப் பேத்துட்டு அடைடான்னுதானே அவங்கிட்ட சொன்னேன்," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. தாசில்தார் தலை நிமிராமல் அதை எழுதிக்கொண்டார். மேலே எழுதி உத்தரவு வரும் வரைக்கும் ஒரு வீட்டிலும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தெருவில் நீதான் பேச்சு. இப்படி ஒரு நாள் வரும் என்று உனக்கு அப்போதே தெரியும், நமக்காகத்தான் கதவை விட்டு வைத்தாய் என்கிறார் சாமுவேல் மாமா. இப்போது கூரையைப் பார்ப்பதில்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தாளுக்கு அப்ப இடுப்பு நோவு. நெலயப் பேக்க முடியாம வுட்டுட்டாரு, அவ்ளோதான்."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா சொல்வதை நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நமக்காகத்தான் என்றால், சாகிற வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?

நைனா, இனி யார் வந்து கேட்டாலும் வாசலை அடைத்தவன் நீ என்றும் சொல்வேன், கதவை விட்டு வைத்தவன் நீ என்றும் சொல்வேன். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பேன். உனக்காகப் பொய் சொல்லி உன்னை நல்லவனாக்க மாட்டேன், இது சத்தியம்.

உன் சுவரை இடிக்கச் சொன்ன உன் மகள்,
ரெபேக்கா